பெயர்கள் பெயரும்போது

குடிபெயர்வோர் அரிசிப் பானையையும் அம்மியையும் எண்ணி எடுத்துச் செல்வர். கதவின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்த உறவினர் முகவரியை விட்டுவிட்டுப் போவர். அலுவலகக் கணினிகளில் பழைய மென்பொருளை அகற்றிப் புதியதை ஏற்றும் காலத்திலும் இதுவே நிகழ்கின்றது. கடிதங்களும் கணக்குகளும் கருத்தோடு மாற்றப்படுகின்றன. மின்னஞ்சல் முகவரி ஏடோ, 'அது தானே வந்து சேரும்' என்று கைவிடப்படுகின்றது. வந்து சேரத்தான் செய்கின்றது. எந்த உருவில் வந்து சேர்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு இப்பொழுது ஒரு தேவையும் நேர்ந்துள்ளது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கும், ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 ஆகிய தொகுப்புகளுக்கும் அளித்து வந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. ஆகவே பழைய கணினிகள் அலுவலகங்களை விட்டு விடைபெறுகின்றன. அவற்றுள் பத்து, பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்த முகவரிகளும் உடன் விடைபெறாமல் காப்பது யார் பொறுப்பு?

பிறர்க்கு முகவரி ஏடு வெறும் பட்டியலாயிருக்கலாம். கெடா மாநிலத்துத் தோட்டத் தமிழர்க்கு அஃது அங்ஙனமன்று. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பின்னர் இரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தோர் சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிதறினர். தோட்டம் என்னும் முகவரி அழிந்தபின், அம்மக்களை ஒரு விழாவுக்கோ ஓர் இறப்புச் செய்திக்கோ ஒருசேர அழைப்பதற்குப் பள்ளி அலுவலகத்திலோ ஆலய நிருவாகத்திலோ உள்ள முகவரி ஏடே எஞ்சிய கருவியாக நிற்பதுண்டு.

அந்த ஏடு கணினியில் எங்கே உள்ளது என்பதே பலர்க்கு முதல் தடை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் பழைய அஞ்சல் நிரல் 'டபிள்யூ.ஏ.பி.' என்ற ஈற்றுப் பெயருடைய தனிக்கோப்பில் முகவரிகளை வைத்திருந்தது. விண்டோஸ் விஸ்டா ஆளுக்கு ஒரு கோப்பாக அவற்றைப் பிரித்தது. ஆஃபீஸ் தொகுப்பிலுள்ள அவுட்லுக், 'பி.ஏ.பி.' என்ற தனி ஏட்டை நெடுநாள் ஏற்று, 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைக் கைவிட்டது. இன்னொன்று ஏடே அன்று. ஏடு போல் தோன்றுவது. 'மு' என்று தட்டியதும் முருகன், முனியாண்டி என்று நிரலே எடுத்துக்கொடுக்கின்றதே, அந்த நினைவுப் பட்டியல், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு வரையில் 'என்.கே.2' என்ற வேறொரு கோப்பில் இருந்தது. பட்டியல் எடுத்துக்கொடுப்பதால், முகவரி ஏட்டில் பதிந்துவிட்டோம் என்று நம்பி ஒருவரையும் பதியாமலே ஆண்டுகளைக் கழித்த அலுவலகங்கள் உண்டு. கணினி மாறிய மறுநாள் காலையில்தான் அந்நம்பிக்கை கலைகின்றது.

கோப்புகளைக் கண்டெடுப்பது கைத்திறன் உடையார் ஒரு பிற்பகலில் முடிக்கும் வேலை. அவற்றுள் இருப்பவை பழுதின்றிப் பெயர்வதுதான் அரிது.

எழுத்து வழியே நேரும் இழப்பு

மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் உரோமன் எழுத்தால் ஆனது. ஆதலின் அஃது எந்த மாற்றத்திலும் சிதையாமல் வந்துவிடும். சிதைவது, அம்முகவரியின் பக்கத்தில் தமிழில் எழுதியிருந்த ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் குறிப்பும் ஆகும். அஞ்சல் போய்ச் சேரும்; யாருக்குப் போகின்றது என்பது மட்டும் அனுப்புவோர்க்கு விளங்காது.

காரணம் காண்பது எளிது. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 வரும் வரையில் அலுவலகக் கணினிகள் அதனைத் தமிழுக்குப் பயன்படுத்தும் நிலையில் இல்லை. அதற்கு முன்பே தமிழர் தத்தமக்கு வழி வகுத்துக்கொண்டனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, இந்நாட்டுத் தமிழரைக் கணினியில் எழுதவைத்தது. 1990களின் பிற்பகுதியில் உலகத் தமிழ் ஆர்வலர் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி டிஸ்கி என்னும் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற இரண்டனை அறிவித்தது. இவை போதாவென்று, எழுத்துரு விற்றோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தனர்.

இவை அனைத்தும் ஓர் உத்தியையே கையாண்டன. இலத்தீன் எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றின. எழுத்துரு இருக்கும் வரையில் திரையில் 'கந்தசாமி' என்று தெரியும். கணினியின் நெஞ்சிலோ அது கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியலே. புதிய மென்பொருள் அக்குவியலை ஐரோப்பிய எழுத்தென்றே நம்பி, அவ்வாறே மாற்றி வைத்துவிடுகின்றது.

வேறோர் இடர், எழுத்துகளின் வரிசை. ஒற்றைக் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் முறைப்படி முதலிலும், ககரத்தை அதன் பின்னும் வைத்தே 'கெ' என்பதைப் பழைய குறியேற்றங்கள் எழுதின. ஒருங்குறி அதனை ஒலிமுறைப்படி, மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக வைக்கின்றது. உயிர்மெய்யில் மெய்யொலி முந்தும், உயிரொலி பிந்தும் என்று வகுப்பில் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும் என்பதை அறியாத மாற்றுக் கருவி, 'கெங்கம்மா'வின் கொம்பை முன்னே தனியே தொங்கவிடும்.

சிதைந்த பெயர்களைக் கண்டவுடன் அழித்துவிடுதல் தவறு. சிதைவின் முகத்தைக் கொண்டே அதன் நோயை அறியலாம். வெறும் கட்டங்கள் தோன்றின், எழுத்துரு இல்லையென்பதே பொருள்; ஒன்றும் கெடவில்லை. மேற்குறி இட்ட இலத்தீன் எழுத்துகள் பலவாறு கலந்து தோன்றின், அது பெரும்பாலும் டிஸ்கி முதலிய பழைய குறியேற்றம். உரிய மாற்றுக் கருவியால் ஏறத்தாழ முழுதும் மீட்கலாம். மூன்று குறிக்கு ஒருமுறை, தலையில் சாய்கோடிட்ட சிறிய 'ஏ' தவறாமல் வந்து, அதை அடுத்து வட்டத்துள் 'ஆர்' பொறித்த வணிகப் பதிவுக்குறி அடிக்கடி தோன்றுமாயின், அது நல்ல ஒருங்குறியே. படித்த நிரல்தான் பிழையாகப் படித்தது. யு.டி.எஃப்.-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுவதால் இத்தோற்றம் உண்டாகின்றது. கோப்பை யு.டி.எஃப்.-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

வரிசையாக வினாக்குறிகள் தோன்றினால்தான் கவலைப்பட வேண்டும். பழைய அவுட்லுக் தன் தொடர்புகளைக் காற்புள்ளியாற் பிரிக்கப்பட்ட சி.எஸ்.வி. கோப்பாக வெளியிடும்போது விண்டோஸின் பழைய எட்டு பிட் குறிப்பக்கத்தில் எழுதியது. அக்குறிப்பக்கங்களுள் தமிழுக்கென ஒன்று அமைக்கப்படவே இல்லை. இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாக்குறி இடப்பட்டது. அந்தக் கோப்பில் தமிழ் இல்லை. எந்த வல்லுநரும் அதை அதிலிருந்து மீட்க இயலாது. பழைய கணினி இன்னும் இருந்தால் மீண்டும் வேறு வழியில் எடுக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதாயின் அவ்வளவே.

மாற்றம் செம்மையாக முடிந்த பின்னும் ஒரு சிறு புதிர் எஞ்சும். 'கொ' என்பதை ஒருங்குறியில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 'ஸ்ரீ' என்பதும் அவ்வாறே: 2005இல் 'ஶ' தனி எழுத்தாகச் சேர்க்கப்பட்டதன் பின் இருவகையாக எழுதப்படுகின்றது. ஏட்டில் ஸ்ரீதரன் இருக்க, தேடினால் இல்லையென்று கணினி சொல்வதும், ஒரே ஸ்ரீதரன் இருமுறை தோன்றுவதும் இதனால் நேரக்கூடும்.

கெடாவின் சுழியம்

இஃது இம்மாநிலத்தார்க்கே சிறப்பாக உரிய தொல்லை. சுங்கைப்பட்டாணியின் அஞ்சற் குறியீடு 08000. பீடோங் 08100, கூலிம் 09000, பாடாங் செராய் 09400. கெடாவில் பெரும்பாலும், அண்டையிலுள்ள பெர்லிசிலும், அஞ்சற் குறியீடு சுழியத்தில் தொடங்கும்; பினாங்கும் சிலாங்கூரும் அவ்வாறில்லை. சி.எஸ்.வி. கோப்பின் மேல் இருமுறை சொடுக்கினால் அஃது எக்செலில் திறக்கும். எக்செல் 08000 என்பதை ஓர் எண் என்று கருதி, எண்ணுக்கு முன்னால் உள்ள சுழியத்திற்கு மதிப்பில்லை என்னும் கணக்குப் பாடத்தை நினைவுகூர்ந்து, 8000 என்று திருத்திவிடும். சேமித்தவுடன் ஆயிரம் முகவரிகளிலும் சுழியம் ஒருசேர மறையும். 04 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணுக்கும், 01 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. கோலாலம்பூரிலிருந்து வரும் வல்லுநர் 50000 என்ற குறியீட்டோடு பழகியவராதலின், அவர் கண்ணில் இது படாமலே போகலாம்!

அடுக்குமாடிக் குடியிருப்பில் '3-5' என்ற எண்ணுடைய வீடு இருக்குமாயின், எக்செல் அதனை நாளெனக் கொண்டு மாதப் பெயரிட்டு எழுதும். தோட்டத்து லயத்தை விட்டு மாடிவீடு புகுந்தவர் முகவரியில் மே மாதம் வந்து குடியேறுவது இங்ஙனமே. 2023 முதல் எக்செலின் அண்மைப் பதிப்புகளில் இத்தானியங்கு மாற்றத்தை நிறுத்தி வைக்க வழி தரப்பட்டுள்ளது. பழையதாயின், கோப்பை நேரே திறவாமல், தரவு இறக்குமதி வாயிலாகக் கொணர்ந்து, ஒவ்வொரு பத்தியும் எழுத்தே, எண்ணன்று எனக் குறித்தல் வேண்டும்.

தந்தை பெயரும் தன் பெயரும்

எழுத்தும் எண்ணும் பிழைத்தாலும், பெயர் பிழைக்கும் என்பது உறுதியன்று. மேலை நாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. அது பெயரின் ஈற்றில் நிற்கும். மென்பொருள்கள் இவ்வழக்கத்தையே உலக வழக்கமாகக் கொண்டு 'முதற்பெயர்', 'கடைப்பெயர்' என்ற கட்டங்களை அமைத்தன. மலேசியத் தமிழர் பெயர் பதிவேட்டில் 'முருகன் ஏ/எல் பெருமாள்' என்றிருக்கும். 'ஏ/எல்' என்பது 'அனாக் லெலாக்கி', அதாவது மகன்; 'ஏ/பி' என்பது 'அனாக் பெரம்புவான்', மகள். பழைய ஏட்டில் ஒரே கட்டத்தில் கிடந்த இம்முழுப்பெயரை அவுட்லுக் தானே பிரிக்கும்போது முருகன் முதற்பெயராவார், பெருமாள் கடைப்பெயராவார், மகன் என்னும் உறவுச்சொல் நடுப்பெயர் என்ற கட்டத்தில் போய் அமரும். கடைப்பெயரை முன்னிட்டு அடுக்கும் வழக்கம் அந்நிரலுக்கு இருப்பதால், பட்டியலில் முருகனைத் தேடுவார் பெருமாளுக்குக் கீழே தேடல் வேண்டும். இவ்வேட்டைக் கொண்டு அழைப்பிதழ்களை மொத்தமாக அச்சிட்டால், 'அன்புள்ள திரு. பெருமாள்' என்று விளித்துக் கடிதம் போகும். பெருமாள் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

'பெ. முருகன்' என்று தலைப்பெழுத்திட்டு எழுதியவர்க்கு இந்நிலை நேராது, அவர்க்கு 'பெ.' முதற்பெயராகும், முருகன் கடைப்பெயராவார். ஒரே ஏட்டில் பாதிப் பேர் தம் பெயரிலும், மீதிப் பேர் தந்தை பெயரிலும் அடுக்கப்பட்டுக் கிடப்பர். இக்குழப்பத்திற்குக் கணினி மட்டும் காரணமன்று. தமிழ் மரபும் மலாய்மொழிப் பதிவு முறையும் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன என்பதை ஆசிரியப் பெருமக்கள் நோக்குதல் வேண்டும்.

தமிழில் தந்தை முன், மகன் பின். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் புள்ளிமயங்கியலில் இதற்கென ஒரு புணர்ச்சி விதியே உண்டு. தந்தையின் இயற்பெயரும் மகனின் இயற்பெயரும் மகன்முறை தோன்றத் தொகும்போது, நிலைமொழியின் 'அன்' கெட்டு 'அம்' சாரியை பெறும். சாத்தனுக்கு மகனாகிய கொற்றன் 'சாத்தங்கொற்றன்' ஆவான். சங்கப் புலவர் பெயர்களும் இம்முறையினவே. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் முதலில் ஊர், அடுத்துத் தந்தை, அவர்தம் தொழில், பின் மகன் என்ற உறவு, ஈற்றில்தான் தன் பெயர். முல்லைப்பாட்டின் ஆசிரியரோ காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். இப்பெயர்கள் தாமே முகவரி ஏட்டின் பதிவுகளாக நிற்கின்றன. இடமும் குடும்பமும் தொழிலும் ஆளும் ஒருங்கே அமைந்தவை. ('கணக்காயர்' என்பது ஆசிரியரைக் குறிக்கும் சொல்லாதலின், நக்கீரர் ஒரு பள்ளி ஆசிரியரின் மகன் என்பதும் இவ்விடத்தில் நினைக்க இனியது.) இவற்றுள் குடும்பப் பெயர் என்று தனியே எடுத்துக் கட்டத்தில் இடுவதற்கு எதுவும் இல்லை.

கணினி உலகமும் இதனைக் காலந்தாழ்த்தி உணர்ந்தது எனலாம். தொடர்புகளை ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும் 'விகார்டு' என்னும் அட்டை முறை 1990களின் நடுவில் தோன்றியது. குடும்பப் பெயர், இயற்பெயர், கூடுதற் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என்று பெயரை ஐந்தாகக் கூறிட்டு எழுதுவதை அதன் தொடக்கப் பதிப்புகள் கட்டாயமாக்கின. 2011இல் வெளிவந்த நான்காம் பதிப்பு அக்கட்டாயத்தை நீக்கியது; எழுதும் முறைப்படியே அமைந்த முழுப்பெயர் மட்டும் இருந்தால் போதும் என்றது. ஒருவர் பெயரை இரு மொழிகளில் இணையாக வைக்கவும் அப்பதிப்பு வழி செய்தது.

இதிலிருந்து செய்யத்தக்கது ஒன்று தெளிவாகின்றது. மாற்றத்திற்கு முன்பே முழுப்பெயரையும் முதற்பெயர்க் கட்டத்தில் இட்டு, கடைப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுதல் நன்று. பார்ப்பதற்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும். ஆனால் ஒருவரும் தம் தந்தையாக மாறமாட்டார். 'ஏ/எல்' என்பதிலுள்ள சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது. ஆளுக்கொரு கோப்பாக வெளியிடும்போது அது நீக்கப்படலாம், வேறு குறியாகவும் ஆகலாம். கோப்பின் பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதுவோர் இதனை மறத்தல் ஆகாது.

தமிழ் வடிவைக் காப்பது வெறும் மொழிப்பற்றால் சொல்லப்படுவதன்று. பிறப்புச் சான்றிதழிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் எழுதியவர் செவிக்கு எட்டியபடியே பெயர்கள் உரோமன் எழுத்தில் ஏறின. இலட்சுமி ஒரு வீட்டில் லெட்சுமி, அடுத்த வீட்டில் லக்ஷ்மி. சின்னசாமி ஒருவர் 'எஸ்' எழுத்திலும் இன்னொருவர் 'சி' எழுத்திலும் தொடங்குவர். உரோமன் ஏட்டில் வெவ்வேறிடத்தில் சிதறும் இவர்களைத் தமிழ் எழுத்தே ஓரிடத்தில் கூட்டுகின்றது.

நிற்க. 'இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கவா?' என்று புதிய மென்பொருள் பணிவோடு கேட்கும். ஆம் என்று சொல்வதற்கு முன் சற்றே தயங்குதல் வேண்டும். பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரால் பிரிவு 1, பிரிவு 2, பிரிவு 3 எனத் தமிழ்ப்பள்ளிகள் உண்டு. எண்ணொன்றே வேறுபாடு. தந்தை பெயர் உதிர்ந்துபோன ஏட்டில் இரண்டு முருகன்கள் ஒருவராவது இன்னும் எளிது. குடும்பம் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சல் முகவரி வைத்திருப்போரும் உளர். முகவரி ஒன்றாயின் ஆளும் ஒருவரே என்று கொள்ளும் நிரல், தாயையும் மகளையும் ஒருவராக்கிவிடும். இறக்குமதி செய்யும்போது 'இரட்டைகளை அனுமதி' என்பதைத் தேர்ந்து, பின்னர்க் கண்ணால் பார்த்துக் களைவதே தக்கது.

பயனற்ற முகவரிகளை நீக்குவதிலும் இதே தயக்கம் வேண்டும். ஜாரிங் என்ற இணையச் சேவை 2015இல் மூடப்பட்டது. அதன் முகவரிகள் இனி உயிர்பெறா. 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019இல் முடிந்தது. 2020இல் டெலிமா தளம் புதிய கணக்குகளோடு வந்தது. மின்னஞ்சல் செத்தது என்பதற்காக அதனோடு கிடக்கும் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பழைய தொலைபேசி எண்ணையும் அழிப்பானேன்? தோட்டத்தை விட்டு நகரத்துக்கு இடம் மாறிய பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இங்குப் பல. அப்பள்ளிகளின் முகவரி ஏட்டில் பழைய ஊர்ப்பெயர் ஒரு பிழையாகாது. அவற்றைத் தனித் தொகுதியாகப் பிரித்து வைத்தால் இடமும் மிகுதியாகக் கொள்ளாது. ஆயிரம் பேர் முகவரி ஒரு நிழற்படத்தின் அளவுகூட இராது.

வேலையைத் தொடங்குமுன் பழைய கோப்புகளை அப்படியே ஒரு படி எடுத்துத் தனியே வைத்து, பழைய கணினியிலிருந்தே முழு ஏட்டையும் தாளில் அச்சிட்டுக்கொள்ளல் வேண்டும். எழுத்துரு உள்ள இடத்தில் அச்சிட்ட தாளில் தமிழ் தமிழாகவே இருக்கும். பின்னர் எந்தச் சிதைவுக்கும் அதுவே சான்று. மாற்றிய பின் இரு பக்கத்து எண்ணிக்கையையும் ஒப்பிடல் வேண்டும். எண்ணிக்கை ஒத்துவிட்டது என்று எழுந்துவிடுதல் போதாது. மேற்கூறிய பிழைகளுள் இரட்டைகளை ஒன்றாக்குவது ஒன்றே எண்ணிக்கையைக் குறைப்பது, மற்றவை குறைப்பதில்லை.

ஆகவே அவ்வூர் மக்களை அறிந்த மூத்தவர் ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியராயினும் பழைய கிராணியாராயினும், கணினியின் அருகே அமர்த்தி, பெரட்டில் பேர் வாசிப்பதுபோல் வாசிக்கச் செய்தல் நலம். தொடக்கத்தில் இருபது பெயர், இடையில் இருபது, ஈற்றில் இருபது. முருகன் என்றால் எந்த முருகன், யார் மகன், எந்தப் பிரிவு என்று அவர் தடையின்றிச் சொல்லுமிடத்தில் ஏடு நன்றாக உள்ளது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'இப்படி ஒருவர் நம் தோட்டத்தில் இல்லையே' என்று சொல்லும் இடத்தில் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும்.